2013 மாடலா, 2020 மாடலா? பழைய காரையும் புதிய காரையும் ஒப்பிட்டு வாங்கும் முறை

தமிழ்நாட்டு செகண்ட் ஹேண்ட் சந்தையில் முதல் கார் தேடுகிறவர் பெரும்பாலும் இரண்டு வண்டிக்கு நடுவில் மாட்டிக்கொள்வார். ஒரே கம்பெனியின் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஒன்று 2013 மாடல், 2.75 லட்சம். இன்னொன்று 2020 மாடல், 4.75 லட்சம். "ரெண்டு லட்சம் மிச்சம், பழசையே எடுங்க" என்பார் ஒருவர். "பழசு வாங்கினா மெக்கானிக்குக்கு மாசச் சம்பளம் கொடுக்கணும்" என்பார் இன்னொருவர். இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். கீழே உள்ளதெல்லாம் இந்த ஜோடியை வைத்தே எழுதியது. விலைகள் உதாரணத்துக்குத்தான்; உங்கள் ஊரில் கேட்கும் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

1. வண்டி பார்க்கப் போகும் முன் உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

மூன்று எண்கள் போதும். வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், ஹைவே ஓட்டம் எத்தனை பங்கு. வாரம் ஒருமுறை கோயிலுக்கும் மாதம் ஒருமுறை ஊருக்கும் போகிறவருக்கு வருடம் 4,000 கிலோமீட்டர் தாண்டாது. தினமும் 25 கிலோமீட்டர் தூரத்து ஆபீஸுக்குக் காரில் போய் வருகிறவருக்கு 12,000-க்குக் குறையாது. இந்த ஒரு எண்ணிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது. ஆறாவது படியில் பாருங்கள்.

டீசல் வேண்டுமா என்பதையும் இங்கேயே முடித்துவிடுங்கள். மாதம் 1,500 கிலோமீட்டருக்குக் கீழ் ஓட்டுகிறவருக்கு டீசல் தேவையில்லை. அதற்கு மேல் ஓட்டுகிறவருக்கும் பழசு, புதுசு வித்தியாசம் பெரிது. ஏப்ரல் 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசு விதி) டீசல் கார்களில் சைலன்சர் லைனில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்து சுத்தமாக வேண்டுமென்றால், வண்டி அவ்வப்போது 60 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் 15, 20 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். ஸ்கூல், மார்க்கெட் என்று சின்னச் சின்னதாக ஓட்டினால் வடிகட்டி அடைத்து, விளக்கு எரிந்து, கடைசியில் சர்வீஸ் சென்டரில் வந்து நிற்கும். பழைய பிஎஸ்4 டீசல் சின்னக் கார்களில் பொதுவாக இந்தத் தொல்லை கிடையாது. புதுசு என்பதாலேயே எல்லா விஷயத்திலும் மேல் என்று எண்ண வேண்டாம்.

2. ஆர்.சி.யைப் படித்து உண்மையான வயதைக் கண்டுபிடியுங்கள்

விளம்பரத்தில் போடும் "மாடல்" பதிவு செய்த வருடமாகவும் இருக்கலாம், தயாரித்த வருடமாகவும் இருக்கலாம். ஆர்.சி.யில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். தயாரித்த மாதம் நவம்பர் 2019, பதிவு பிப்ரவரி 2020 என்றால் அது 2019 வண்டிதான். பேரத்தில் அப்படியே பேசுங்கள். 2020 வண்டி என்றதும் பிஎஸ்6 என்று நம்பிவிடவும் கூடாது. மார்ச் 2020 கடைசி வரை பிஎஸ்4 வண்டிகள் பதிவாயின. மாசு விதி எது என்பதும் ஆர்.சி.யிலேயே அச்சாகியிருக்கும்.

ஆர்.சி.யின் நகலைக் கேட்டு வாங்கி, அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனிலோ எம்பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டு ஒத்துப் பாருங்கள். பார்க்க வேண்டியவை:

எத்தனையாவது ஓனர். "சிங்கிள் ஓனர் வண்டி சார்" என்று சொல்வார்கள். அட்டையில் ஓனர் வரிசை எண் 3 என்று இருக்கும்.

ஹைப்பாதிகேஷன், அதாவது வண்டி மேல் உள்ள கடன் பதிவு. பாங்க் பெயர் இன்னும் இருந்தால், கடன் முடிந்ததா என்று வாய் வார்த்தையில் கேட்டுப் பயனில்லை. பாங்க் கொடுக்கும் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), பாங்க் முத்திரையிட்ட படிவம் 35 இரண்டு பிரதியும் கையில் இருக்க வேண்டும். அந்த என்.ஓ.சி. பொதுவாக மூன்று மாதம்தான் செல்லும். மூன்று வருடத்துக்கு முன் வாங்கி பீரோவில் வைத்த கடிதத்தைக் காட்டினால், புதிதாக வாங்கிவரச் சொல்லுங்கள்.

டி போர்டாக ஓடிய வரலாறு. டாக்ஸியாக ஓடி, பிறகு சொந்த உபயோகத்துக்கு மாற்றிய வண்டிகள் நிறையச் சுற்றுகின்றன. ஓடோமீட்டர் 70,000 காட்டும். உண்மையில் இரண்டு லட்சம் தாண்டியிருக்கும்.

வெளி மாநிலப் பதிவு. டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசலுக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலுக்கும் கட்டுப்பாடு வந்ததால் அங்கிருந்து வரும் வண்டிகள் மலிவாகத் தெரியும். புதுச்சேரி வண்டிகளும் மலிவாகத் தெரியும். பதிவான அலுவலகத்தின் என்.ஓ.சி. வேண்டும், அதற்கு மேல் வண்டியின் வயதுக்கு ஏற்ப தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் மலிவு காணாமல் போய்விடும்.

நிலுவை அபராதம். இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும். அதைக் கட்டி முடிக்காமல் பெயர் மாற்றம் சிக்கலாகும். கட்ட வேண்டியவர் விற்பவர்.

பலர் கவனிக்காத ஒரு காகிதம் இன்சூரன்ஸ் பாலிசி. அதில் நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியம் தள்ளுபடியின் சதவீதத்தைப் பாருங்கள். கிளெய்ம் எதுவும் வாங்காமல் வந்தால் இது 20, 25, 35, 45, 50 என்று வருடத்துக்கு ஒரு படி ஏறும். ஒரே ஓனர் கையில் இருந்த ஆறு வருட வண்டியின் பாலிசியில் 20 சதவீதம்தான் இருக்கிறது என்றால், நடுவில் கிளெய்ம் வாங்கியிருக்கிறார், அல்லது பாலிசியை இடையில் விட்டிருக்கிறார். எதற்கு என்று கேளுங்கள். "ஒரு கீறல்கூட இல்லாத வண்டி" என்ற பேச்சு அத்தோடு நிற்கும்.

3. எந்தத் தேதிக்குப் பின் தயாரான வண்டியில் என்ன இருக்கும்

இரண்டு காருக்கும் நடுவில் உள்ள ஏழு வருடத்தில் விதிகள் நிறைய மாறின. தயாரித்த மாதத்தை வைத்து இவற்றைச் சரிபாருங்கள்.

ஏப்ரல் 2019 முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் பிரேக் (திடீரென்று பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கட்டாயம். ஜூலை 2019 முதல் டிரைவர் ஏர்பேக், வேக எச்சரிக்கை, சீட் பெல்ட் நினைவூட்டும் ஒலி, ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். முன் பக்கப் பயணிக்கும் ஏர்பேக் எல்லா மாடலிலும் கட்டாயமானது 2021 டிசம்பர் 31-இல்தான். ஆகவே 2020 வண்டியில் டிரைவருக்கு மட்டும் ஏர்பேக் இருக்கும் கீழ்நிலை வேரியன்டும் உண்டு. பக்கத்தில் உட்காருகிறவருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். 2013 வண்டியில் ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் பெரும்பாலும் உயர்நிலை வேரியன்டில் மட்டும் கிடைத்தவை. பழசையே எடுப்பதாக இருந்தாலும், ஏபிஎஸ்ஸும் இரண்டு ஏர்பேக்கும் உள்ள வேரியன்டுக்குக் கூடுதலாக முப்பதாயிரம் கேட்டால் கொடுக்கலாம். பிறகு அதை வெளியில் பொருத்திக்கொள்ள வழியில்லை.

ஏர்பேக் விளக்கைச் சோதிக்கும் விதம்: சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் டேஷ்போர்டில் ஏர்பேக் படம் எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம். வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் பிடுங்கி வைத்திருக்கலாம். பழைய ஹோண்டா கார் பார்க்கிறவர்கள் சேசிஸ் எண்ணைக் கம்பெனித் தளத்தில் போட்டு, டகாட்டா ஏர்பேக் ரீகால் (குறையுள்ள ஏர்பேக்கைக் கம்பெனியே திரும்ப அழைத்து மாற்றித் தருவது) வேலை முடிந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வேலை இலவசம்.

நட்சத்திர மதிப்பீட்டில் ஒரு குழப்பம் உண்டு. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் குளோபல் என்கேப் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்ட் 2014-இல் பூஜ்யம் வாங்கியது. அடுத்த தலைமுறை 2018-இல் இரண்டு நட்சத்திரம் வாங்கியது. 2022-இல் அதே தலைமுறைக்கு ஒன்றுதான் கிடைத்தது. கார் மட்டமாகிவிடவில்லை, 2022-இல் சோதனை முறை கடுமையானது. பழைய முறையில் வாங்கிய நான்கையும் புதிய முறையில் வாங்கிய நான்கையும் பக்கத்தில் வைத்து ஒன்று என்று சொல்ல முடியாது. எந்த வருடச் சோதனை, எந்த வேரியன்ட் என்று பார்த்த பிறகே பேச வேண்டும்.

எரிபொருள். பெட்ரோல் பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். ஏப்ரல் 2023-க்குப் பின் வந்த கார்கள்தான் இதற்கு ஏற்ற பாகங்களோடு வந்தவை. நம் ஜோடியில் இரண்டுமே அதற்கு முந்தியவை என்பதால் இதில் 2020 வண்டிக்குப் பெரிய மேன்மை கிடையாது. இரண்டிலும் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். 2013 வண்டியில் பெட்ரோல் ஹோஸ், ரப்பர் ஓ-ரிங், கேஸ்கெட் ஏற்கெனவே வயதாகியிருக்கும். ஹோஸை விரலால் அழுத்திப் பார்த்து, வெடிப்போ ஊதலோ இருந்தால் வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள். டேங்கில் பாதிப் பெட்ரோலோடு வண்டியை மாதக் கணக்கில் நிறுத்தி வைப்பதும் வேண்டாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

4. நேரில் பார்க்கும்போது: பழசுக்கு ஒரு கண், புதுசுக்கு வேறு கண்

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். "நீங்க வர்றீங்கன்னு ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்" என்று சொன்னால் பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும்.

2013 வண்டியில் பார்க்க வேண்டியது தேய்மானம். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்ட் அளவும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் காபி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதா என்று மெக்கானிக்கைக் கேட்காமல் மேலே போக வேண்டாம். கிளச்சுக்கு எளிய சோதனை: வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மூன்றாம் கியரில் கிளச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் இழுத்து அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் போய்விட்டது. இந்தச் சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம்.

ஸ்பீட் பிரேக்கரில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றி இறக்குங்கள். "டக்" என்று ஒலித்தால் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது "டக் டக் டக்" என்று தொடர்ந்து வந்தால் ஆக்சில் ஜாயின்ட். நேராகப் போகும்போது ஸ்டியரிங்கை விட்டால் ஒரு பக்கம் இழுப்பது அலைன்மென்டாகவும் இருக்கலாம், அடி வாங்கிய சேசிஸாகவும் இருக்கலாம். ஏ.சி.யை வெயில் ஏறிய பிறகு, வண்டி நின்ற நிலையில் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடாகிற ஏ.சி. செலவு வைக்கும்.

துரு என்றால் பழைய கார்களில் ஏற்கனவே இருப்பதுதான். எங்கே என்பதே கேள்வி. கதவின் அடி ஓரத்தில் இருந்தால் டிங்கரிங் கடை பார்த்துக்கொள்ளும். கீழே, முன் சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலும் ரன்னிங் போர்டுக்கு அடியிலும் உதிர்கிற அளவுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். கடலோர ஊர் வண்டிகளில் இது அதிகம்.

2020 வண்டியில் தேய்மானம் குறைவு. அங்கே பயம் விபத்தும் வெள்ளமும். பானெட்டைத் திறந்து, அதன் கீல் போல்ட்டுகளையும் முன் ஃபெண்டர் போல்ட்டுகளையும் பாருங்கள். போல்ட் தலையில் பெயின்ட் உரிந்து ஸ்பேனர் தடம் தெரிந்தால் கழற்றியிருக்கிறார்கள். கதவு ரப்பரை இழுத்துப் பார்த்தால் பில்லர் ஓரத்தில் கம்பெனி போட்ட வட்ட வட்ட ஸ்பாட் வெல்டிங் வரிசையாகத் தெரியும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால் அங்கே வேலை நடந்திருக்கிறது. பெயின்ட் தடிப்பு அளக்கும் கருவி உள்ள மெக்கானிக்கைக் கூட்டிப் போனால் நல்லது. ஒரிஜினல் பெயின்ட் சுமார் 80 முதல் 150 மைக்ரான். 300-க்கு மேல் காட்டும் இடத்தில் பட்டி போட்டிருக்கிறார்கள். பம்பர் கீறல், கதவு நசுங்கல் பரவாயில்லை. பில்லரிலும் கூரையிலும் பட்டி இருந்தால் விலை குறைத்தாலும் வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி இதைவிட ஏமாற்றும். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. அவற்றில் பல, சுத்தம் செய்யப்பட்டு வேறு மாவட்டங்களில் விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். சீட் ரெயில் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் நீர்க் கோடு, ஏ.சி. போட்டதும் ஈர வாடை, இவற்றையும் பாருங்கள். வெள்ள வண்டியில் வயரிங் கோளாறு ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாக வரும். பவர் விண்டோ, பிறகு சென்சார், பிறகு இசியு என்ற இன்ஜின் கம்ப்யூட்டர்.

கிலோமீட்டரை நம்பாதீர்கள். ஓடோமீட்டரைத் திருத்துவது சுலபமான வேலை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொன்னால், ஓனர் உடன் இருக்கும்போது சர்வீஸ் வரலாற்றைப் பெரும்பாலும் காட்டுவார்கள்; ஒவ்வொரு சர்வீஸிலும் குறித்த கிலோமீட்டர் ஏறுவரிசையில் இருக்கிறதா பாருங்கள். 35,000 கிலோமீட்டர் என்று சொல்லும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் கணக்கு உதைக்கிறது. டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம். நான்கு டயருக்கும் நான்கு தேதி இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

5. ரிப்பேர் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்

பார்த்த குறைகளை உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் சொல்லி, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரும் போட்டு, ஒரு தாளில் தொகையோடு எழுதி வாங்குங்கள். இதற்கு 1,000 முதல் 2,000 ரூபாய் கேட்பார்கள், கொடுங்கள். விற்பவரின் மெக்கானிக் சொல்வது செல்லாது.

சின்னப் பெட்ரோல் காருக்கு, வெளிக் கடை விலையில் தோராயமாக: நான்கு டயர் 18,000 முதல் 24,000. பேட்டரி 4,500 முதல் 6,000. கிளச் செட் கூலியோடு 7,000 முதல் 11,000. முன் சஸ்பென்ஷன் முழு வேலை 15,000 முதல் 25,000. ஏ.சி. கம்ப்ரசர் 15,000-க்கு மேல். ஊருக்கு ஊர் மாறும், ஆனால் அளவு தெரிந்துகொள்ளப் போதும்.

இன்ஜின் வால்வுகளை நேரம் தப்பாமல் இயக்கவைப்பது டைமிங் செயினா பெல்ட்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மாருதி, ஹூண்டாய் 1.2 பெட்ரோல்களில் செயின். பழைய ஃபோர்டு, ஃபோக்ஸ்வாகன் 1.5 டீசல்களில் பெல்ட். கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்றியதற்கு பில் இல்லையென்றால், வாங்கிய முதல் வாரமே மாற்ற வேண்டும் என்று அந்தத் தொகையையும் தாளில் சேருங்கள். ஓட்டத்தில் அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜின் வேலையாகிவிடும்.

6. ஐந்து வருடக் கணக்கு

இப்போது இரண்டு வண்டியையும் ஒரே தாளில் போடுங்கள். வருடம் 10,000 கிலோமீட்டர், ஐந்து வருடம், பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

2013 வண்டி: வாங்குவது 2.75 லட்சம், ஐந்து வருடம் கழித்து விற்றால் ஒரு லட்சம், இழப்பு 1,75,000. முதல் வருட ரிப்பேர் 60,000. அதோடு ஐந்து வருடமும் வருடம் 20,000 வீதம் சர்வீஸும் சில்லறை வேலையும் ஒரு லட்சம். இன்சூரன்ஸ் மூன்றாம் தரப்பு மட்டும், ஓனர் விபத்துக் காப்போடு ஐந்து வருடத்துக்கு 25,000. நடுவில் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க, அதற்கான டிங்கரிங், பெயின்டிங்கோடு 35,000. மைலேஜ் 14 என்றால் பெட்ரோல் 3,60,000. மொத்தம் சுமார் 7,55,000.

2020 வண்டி: 4.75 லட்சம் கொடுத்து 2.5 லட்சத்துக்கு விற்றால் இழப்பு 2,25,000. முதல் ரிப்பேர் 25,000. சர்வீஸ் 55,000. முழு இன்சூரன்ஸ் 55,000. கூடுதலாகப் போட்ட இரண்டு லட்சத்துக்கு வட்டி 70,000. மைலேஜ் 17 என்றால் பெட்ரோல் 2,97,000. மொத்தம் சுமார் 7,27,000.

இரண்டு லட்ச வித்தியாசம் எங்கே போனது என்று பாருங்கள். பெட்ரோலிலேயே 63,000 போய்விட்டது. அதே கணக்கை வருடம் 4,000 கிலோமீட்டருக்குப் போட்டால் திரும்பிவிடும்: சர்வீஸ் செலவையும் அதற்கேற்பக் குறைத்தால், 2013 வண்டி சுமார் 5,14,000, 2020 வண்டி சுமார் 5,34,000. ஓட்டம் குறைந்தவருக்குப் பழசு, ஓட்டம் அதிகமுள்ளவருக்குப் புதுசு. ஆனால் சின்னக் குழந்தையோடு வாரா வாரம் ஹைவே போகிறவருக்கு இருபதாயிரம் மிச்சத்துக்காக ஏபிஎஸ் இல்லாத வண்டியை நான் சொல்ல மாட்டேன்.

ஆர்.சி. புதுப்பிப்பு பலருக்குத் தெரியாத செலவு. சொந்தக் காரின் பதிவு 15 வருடம்தான். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசுக் கட்டணம் ஏப்ரல் 2022 முதல் 5,000 ரூபாய்; 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 முதல் 10,000. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். மாநிலப் பசுமை வரி தனி. வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தேறினால் ஐந்து வருடம் நீட்டிப்பு. ஆகவே 13, 14 வருட வண்டியைப் பேசும்போது "எஃப்.சி. (இந்த ஆய்வும் புதுப்பிப்பும்) யார் செலவு" என்று அப்போதே பேசிவிடுங்கள்.

7. பேரமும் புதுக் கார் விலையும்

பேரத்துக்குப் போகும் முன், அதே மாடல் இன்றைக்கு ஷோரூமில் என்ன விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி, செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆனது. 1,200 சிசிக்குள் பெட்ரோல், நான்கு மீட்டருக்குள் நீளம் என்பது அளவு. ஷோரூம் விலை இதனால் சுமார் எட்டரை சதவீதம் இறங்கியது. பல விற்பனையாளர்கள் இன்னும் பழைய புதுக் கார் விலையை மனத்தில் வைத்தே செகண்ட் ஹேண்ட் விலை சொல்கிறார்கள். இதைச் சொல்லிக் குறைக்கலாம்.

புதுசாகவே எடுத்தால் என்ன என்று தோன்றினால் ஷோரூம் விலையோடு நிற்காதீர்கள். தமிழ்நாட்டில் ஆயுள் வரி 2023 நவம்பர் முதல் ஐந்து லட்சம் வரை 12, பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். ஏழு லட்ச ரூபாய் காருக்கு வரி மட்டும் 91,000. செகண்ட் ஹேண்ட் தமிழ்நாட்டு வண்டியில் இதை முதல் ஓனரே கட்டிவிட்டார். பெயர் மாற்றும்போது மறுபடி கட்ட வேண்டியதில்லை.

ஐந்தாவது படியில் வாங்கிய மதிப்பீட்டுத் தாளை மேஜையில் வைத்துப் பேசுங்கள். "பாத்து குறைச்சுக்குங்க" என்பதைவிட, "டயர், பேட்டரி, லோயர் ஆர்ம் மூணும் சேர்த்து 38,000 ஆகுதுண்ணே" என்பதற்குத்தான் பதில் வரும்.

8. கடன், இன்சூரன்ஸ்

செகண்ட் ஹேண்ட் காருக்கு வட்டி புதுக் காரைவிட அதிகம். மூன்று லட்சத்தை 13 சதவீதத்தில் நான்கு வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 8,050 ரூபாய்க்கு அருகில். வட்டி மட்டும் சுமார் 86,000. கடன் முடியும்போது வண்டிக்கு இவ்வளவு வயதுக்கு மேல் ஆகக் கூடாது என்று பெரும்பாலான பாங்குகள் வரம்பு வைக்கின்றன. பொதுவாக அது பத்து வருடத்தை ஒட்டி இருக்கும். 2013 வண்டிக்குக் கடன் அநேகமாகக் கிடைக்காது. கிடைத்தால் வட்டியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாம் தரப்பு பிரீமியம் அரசு நிர்ணயித்தது: 1,000 சிசி வரை 2,094, 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897 ரூபாய். இதோடு 18 சதவீத ஜிஎஸ்டி. வண்டியின் வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வயது பாதிப்பது சொந்தச் சேதக் காப்பை. ஐந்து வருடம் தாண்டினால், பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப்ரிசியேஷன் கிடைப்பது குறையும். கிளெய்மில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம் கையிலிருந்து போகும்.

9. பெயர் மாற்றம்

பணம் கொடுக்கும் அன்றே கையெழுத்துகள் முடிய வேண்டும். "ஆர்.சி. அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்லும் புரோக்கரிடம் மீதிப் பணத்தையும் அப்புறமே தருவதாகச் சொல்லுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வருமான வரிச் சட்டப்படி அந்த ரொக்கத்தைப் பெறுகிறவருக்கு அபராதம், உங்களுக்கும் கொடுத்ததற்கு ஆதாரம் இருக்காது. ஓனரின் கணக்குக்கே, ஆர்.சி.யில் உள்ள பெயருக்கே அனுப்புங்கள்.

வாங்க வேண்டியவை: அசல் ஆர்.சி., படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, விற்பவரின் ஆதார், பான் நகல்கள், கடன் இருந்திருந்தால் படிவம் 35. வேறு அலுவலக எல்லைக்குப் போகும் வண்டிக்கு என்.ஓ.சி. தேவையா என்று உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் படிவம் 28. தேதியும் நேரமும் போட்ட டெலிவரி நோட் ஒன்றை இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு முன் நடந்தது அவர் பொறுப்பு, பின் நடப்பது உங்கள் பொறுப்பு.

விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்குகிறவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டலாம். பெயர் மாற்றக் கட்டணம் 300, ஸ்மார்ட் கார்டு 200. கடனோடு வாங்கினால் ஹைப்பாதிகேஷன் சேர்க்க 1,500. சேவைக் கட்டணம் தனி. புரோக்கர் மூலம் போனால் இதற்கு மேல் சில ஆயிரம் கேட்பார். எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

புதிய ஆர்.சி. தமிழ்நாட்டில் இப்போது தபாலில்தான் வருகிறது. முகவரியும் செல்போன் எண்ணும் ஆதாரில் உள்ளபடி சரியாக இல்லையென்றால் திரும்பிப் போய்விடும்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் தரப்புக் காப்பு வண்டியோடு வந்துவிடும். சொந்தச் சேதக் காப்பு தானாக வராது. அந்த இடைவெளியில் இடித்தால் கம்பெனி கைவிரிக்கும். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருக்கு உரியது, வண்டிக்கு உரியதல்ல; அவர் வாங்கிய தள்ளுபடியின் மீதித் தொகையை மாற்றும்போது உங்களிடம் வசூலிப்பார்கள். சில ஆயிரம் வரும், முன்பே எடுத்து வையுங்கள்.

ஃபாஸ்டேகை விற்பவர் முடித்துவிட வேண்டும், நீங்கள் புதிதாக வாங்க வேண்டும். அவர் முடிக்காவிட்டால் புதியது வண்டி எண்ணில் ஏறாது. இரண்டாவது சாவியையும் கிளம்பும் முன்பே கேட்டு வாங்குங்கள். இம்மொபிலைசர் (வேறு சாவியில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சிப்) உள்ள சாவி ஒன்று புதிதாகச் செய்ய ஆயிரக்கணக்கில் ஆகும். தொலைந்துவிட்டது என்றால் அதையும் விலையில் கழித்துக்கொள்ளலாம்.